போனது ஒரு பல், காசு மூன்று பல்லுக்கு: கேப்பா, பிரிட்ஜா, இம்ப்ளாண்டா?

அம்மாவுக்குக் கீழ்வரிசையில் இடதுபக்கக் கடைவாய்ப்பல் ஒன்றைப் பிடுங்கி நான்கு மாதம் ஆகியிருந்தது. புண் ஆறிவிட்டது, ஆனாலும் அந்தப் பக்கம் எதையும் மெல்ல முடியவில்லை. ஈரோட்டில் வழக்கமாகப் போகும் பல் டாக்டரிடம் கூட்டிப் போனேன். அவர் வாயைப் பார்த்து, எக்ஸ்ரே எடுத்து, மருந்துச் சீட்டைத் திருப்பிப் பின்பக்கத்தில் மூன்று வரி எழுதிக் கொடுத்தார். சாதாரண பிரிட்ஜ், 3 யூனிட், 15,000. ஜிர்கோனியா பிரிட்ஜ், 3 யூனிட், 30,000. இம்ப்ளாண்ட், மேலே கேப்போடு சேர்த்து, 35,000.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சீட்டை இரண்டு தடவை படித்தார். "ஏனுங்க டாக்டர், போனது ஒரு பல்லுதானுங்களே? மூணு பல்லுக்கு எதுக்குங்க காசு?"

டாக்டர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிரிட்ஜைப் பற்றிக் கேட்கவேண்டிய முதல் கேள்வியே அதுதான். மீதி இரண்டு பற்கள் யாருடையவை, அவற்றை என்ன செய்யப்போகிறார்கள் என்று தெரிந்துகொண்டால் பாதி முடிவு எடுத்த மாதிரி. பொருள், விலை, வாரண்டி எல்லாம் அதற்குப் பிறகுதான்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். "கேப் நல்லதா, பிரிட்ஜ் நல்லதா?" என்று பலர் கேட்கிறார்கள். இரண்டும் வேறு வேறு நோய்க்கு மருந்து. பல் இருக்கிறது, ஆனால் உடைந்தோ தேய்ந்தோ பாதி போய்விட்டது என்றால் அதன் மேல் போடும் உறைதான் கேப். டாக்டர்கள் க்ரவுன் என்பார்கள். பல்லே இல்லை, வெறும் ஈறுதான் இருக்கிறது என்றால் கேப்பை எதன்மேல் மாட்டுவது? அப்போது இடைவெளிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உள்ள பற்களைச் சீவி, இரண்டுக்கும் கேப் போட்டு, நடுவில் ஒரு பொய்ப்பல்லை அவற்றோடு ஒட்டித் தொங்கவிடுவார்கள். அதுதான் பிரிட்ஜ். மூன்றும் ஒரே துண்டு. அம்மாவின் சீட்டில் 3 யூனிட் வந்தது இப்படித்தான். இம்ப்ளாண்ட் என்பது தாடை எலும்பில் ஒரு திருகைப் பதித்து அதன்மேல் கேப் போடுவது. அதற்குப் பின்னால் வருகிறேன்.

என் பல் சொன்ன பாடம்

கேப் தேவையா இல்லையா என்பதில் என் கதை கொஞ்சம் அசிங்கமானது. நாலைந்து வருடம் முன்பு மேல்வரிசைக் கடைவாய்ப்பல் ஒன்றில் ரூட் கேனல் செய்தார்கள், அதாவது கெட்டுப்போன நரம்பை உள்ளிருந்து எடுத்துவிட்டு அடைத்தார்கள். ஊசி, வலி, நான்கு தடவை நடை எல்லாம் முடிந்தது. "அப்புறம் வந்து கேப் போட்டுக்கங்க" என்றார் டாக்டர். வலி போய்விட்டதே, இனி எதற்கு இன்னொரு செலவு என்று நான் போகவில்லை. எட்டாவது மாதம், தீபாவளித் தட்டையைக் கடித்தபோது 'டக்' என்று ஒரு சத்தம். தட்டைதான் உடைந்தது என்று நினைத்தேன். நாக்கை வைத்துப் பார்த்தால் பல்லின் உள்பக்கச் சுவர் தனியாக ஆடுகிறது. விரிசல் வேர்வரைக்கும் போயிருந்தது. ரூட் கேனலுக்குக் கொடுத்த பணமும் போச்சு, பல்லும் போச்சு.

ரூட் கேனல் செய்த பல் காய்ந்து மொறமொறப்பாகிவிடும் என்று ஒரு பேச்சு உண்டு. அது அவ்வளவு சரியில்லை. பல் பலவீனமாவதற்கு முக்கியக் காரணம், சொத்தையும் அதைத் தோண்டிய குழியும் சேர்ந்து உள்ளிருந்து நிறையப் பொருளை எடுத்துவிடுவதுதான். மிச்சமிருப்பது சுற்றுச்சுவர். கடைவாயில் மேலும் கீழும் விழும் அழுத்தம் அந்தச் சுவர்களை வெளிப்பக்கமாகப் பிளக்கப் பார்க்கும். பீப்பாய்க்கு இரும்புப் பட்டை போடுவதுபோல கேப் அதை இறுக்கிப் பிடிக்கிறது. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் 2002ல் வெளியான ஓர் ஆய்வில், ரூட் கேனல் செய்து கேப் போடாமல் விட்ட பற்கள், கேப் போட்டவற்றைவிட 6 மடங்கு வேகத்தில் இழக்கப்பட்டது தெரிந்தது. கடைவாய்ப்பல்லில் ரூட் கேனல் என்றால் கேப்பையும் சேர்த்துத்தான் கணக்குப் போடவேண்டும். அந்தப் பணம் இல்லை என்றால் ஆரம்பத்திலேயே டாக்டரிடம் சொல்லிவிடுவது நல்லது.

முன்பல்லுக்கு இந்த விதி அப்படியே பொருந்தாது. முன்பல் கடித்து வெட்டும், அரைக்காது. ஓட்டை சின்னதாக இருந்து, சுற்றிலும் பல் நன்றாக இருந்தால், நிறத்துக்கு ஏற்ற ஃபில்லிங்கே போதும். கேப் போடவேண்டும் என்றால் ஆரோக்கியமான எனாமலையும் சேர்த்துச் சீவவேண்டியிருக்கும். முழு கேப்புக்காகச் சீவும்போது, ஈறுக்கு மேலே தெரியும் பல்லில் எடை அளவில் 63 முதல் 72 சதவீதம் வரை போய்விடுகிறது என்று அளந்து பார்த்திருக்கிறார்கள். மூன்றில் இரண்டு பங்கு! அதனால் "பல்லு மஞ்சளா இருக்கு, வரிசையா எட்டுக்கு கேப் போட்டா பளபளன்னு இருக்கும்" என்று யாராவது சொன்னால், செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிடலாம்.

எந்தப் பொருள்?

நம் ஊர் கிளினிக்குகளில் காட்டுவது பெரும்பாலும் நான்கு வகைதான்.

முழு உலோகக் கேப், வெள்ளி நிறத்தில் இருக்கும். இதை இப்போது யாரும் சிபாரிசு செய்வதில்லை, கேட்பவர்களும் இல்லை. ஆனால் பல்லைக் குறைவாகச் சீவினால் போதும், உடையவே உடையாது, விலையும் குறைவு. வாயின் கோடியில், சிரித்தாலும் தெரியாத கடைசிப் பல்லுக்கு இதைப்போல உழைக்கும் பொருள் கிடையாது. நிக்கல் கலந்த உலோகம் என்றால் ஒவ்வாமை உள்ளவர்கள் கவனிக்கவேண்டும். கவரிங் கம்மல் போட்டால் காது புண்ணாகும் பெண்கள் இதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லவேண்டும்.

அடுத்தது உள்ளே உலோகம், மேலே பீங்கான். கிளினிக்கில் பி.எஃப்.எம். என்பார்கள், பேச்சில் 'செராமிக் கேப்'. 1962ல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற முறை இது. அறுபது வருடமாக உலகம் முழுக்க ஓடிக்கொண்டிருக்கிறது. குறை இரண்டு. மேலே உள்ள பீங்கான் செதிள் செதிளாகப் பெயரலாம். கொஞ்ச வருடம் போய் ஈறு இறங்கினால் ஓரத்தில் கறுப்புக் கோடு தெரியும். கல்யாண ஆல்பத்தில் முன்பல்லில் இந்தக் கோடு தெரிபவர்கள் எத்தனையோ பேர். கடைவாய்க்கு அந்தக் கவலை இல்லை. உள் உலோகத்தை இப்போது லேசர் வைத்துத் தூளை உருக்கி அடுக்கடுக்காகச் செய்கிறார்கள். டி.எம்.எல்.எஸ். என்று சீட்டில் எழுதியிருந்தால் அதுதான். பொருத்தம் நன்றாக வரும், விலை கொஞ்சம் கூடும்.

மூன்றாவது ஜிர்கோனியா. இதைச் செய்யும் லேப் ஒன்றை ஒருமுறை பார்த்தேன். சாக்பீஸ் மாதிரி வெள்ளை வட்டத் தட்டை எந்திரத்தில் மாட்டுகிறார்கள். கம்ப்யூட்டரில் வரைந்த பல்லை அது கடைந்து எடுக்கிறது. எடுத்ததும் பார்த்தால் பல் பெரியதாக இருக்கிறது, மனிதனுக்கு இல்லை, மாட்டுக்கு என்று தோன்றும். பிறகு சுமார் 1,500 டிகிரி உலையில் வேகும்போது ஐந்தில் ஒரு பங்கு சுருங்கி, சரியான அளவுக்கு வந்து, கல்லாகிவிடுகிறது. அந்தச் சுருக்கத்தையும் கணக்குப் போட்டுத்தான் பெரிதாகக் கடைகிறார்கள். வலு என்று பார்த்தால் நிறத்துக்கு ஏற்ற பொருட்களில் இதற்கு மேல் இல்லை. இவ்வளவு கடினமான பொருள் எதிர்ப்பல்லைத் தேய்த்துவிடாதா என்று பலருக்குப் பயம். மேற்பரப்பை வழவழப்பாக மெருகேற்றியிருந்தால், பீங்கானைவிடக் குறைவாகத்தான் தேய்க்கிறது. ஆனால் பொருத்தும் நாளில் டாக்டர் "கடிங்க, கடிங்க" என்று நீலக் காகிதம் வைத்து அங்கங்கே ராவுவார் இல்லையா? ராவிய இடத்தைத் திரும்ப மெருகேற்றவேண்டும். அதைச் செய்தாரா என்று நாக்கே சொல்லும். சொரசொரவென்று இருந்தால் எழுந்து வரக்கூடாது.

நான்காவது லித்தியம் டைசிலிகேட் என்ற கண்ணாடி வகை. பார்ப்பதற்கு நிஜப்பல் மாதிரியே இருக்கும், ஒளி உள்ளே ஊடுருவும். முன்பல்லுக்கு இதுதான் அழகு. ஜிர்கோனியாவின் வலுவில் பாதிகூட வராது, அதனால் கடைவாயில் நீளமான பிரிட்ஜுக்கு ஆகாது.

வாரண்டி அட்டை பற்றி ஒரு வார்த்தை. 5 வருடம், 10 வருடம், 15 வருடம் என்று பளபளக்கும் அட்டை தருகிறார்கள். அது கேப்புக்கான வாரண்டி. உள்ளே இருக்கும் பல்லுக்கு எவனும் வாரண்டி தரமாட்டான். கேப் ஈறைத் தொடும் அந்த ஓரத்தில் அழுக்குச் சேர்ந்தால் சொத்தை உள்ளே நுழைந்துவிடும். 15 வருட அட்டை பீரோவில் பத்திரமாக இருக்க, கேப்பும் கையில் பத்திரமாக இருக்க, பல் மட்டும் அழுகிப்போனவர்களை எனக்குத் தெரியும். ஆகவே ஜிர்கோனியாவுக்கும் சாதாரணத்துக்கும் நடுவே உள்ள சில ஆயிரங்களைவிட, அந்த ஓரம் எவ்வளவு கச்சிதமாக உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் ஆயுளைத் தீர்மானிக்கிறது. கை நன்றாக இருக்கும் டாக்டர் போட்ட சாதாரண கேப், அவசரத்தில் போட்ட ஜிர்கோனியாவைத் தாண்டி நிற்கும்.

இடைவெளி விழுந்துவிட்டால்

சரி, இப்போது அம்மாவின் பிரச்சினை. பல் இல்லாத இடம். அம்மா இழந்தது ஆறு வயதில் முளைக்கும் முதல் கடைவாய்ப்பல். பால்பல் எதுவும் விழாமலே பின்னால் சத்தமில்லாமல் முளைப்பதால், வீட்டில் அதையும் பால்பல் என்றே நினைத்து அலட்சியமாக இருப்பார்கள். சீக்கிரம் சொத்தையாகி முதலில் போவதும் பெரும்பாலும் அதுதான். அரைக்கும் வேலையில் பெரிய பங்கும் அதனுடையது.

பல்லைப் பிடுங்கிய இடம் சும்மா இருப்பதில்லை. பின்பல் முன்னால் சாயும், மேலே எதிரில் இருக்கும் பல் பிடிமானம் இல்லாமல் கீழே இறங்கும். தாடை எலும்பும் கரையும். பிடுங்கிய ஒரு வருடத்தில் அந்த எலும்பு மேட்டின் அகலம் பாதியாகக் குறைகிறது, அதில் பெரும்பங்கு முதல் மூன்று மாதத்திலேயே போய்விடுகிறது. அவசரமாக முடிவெடுக்கத் தேவையில்லை, ஆனால் "பார்த்துக்கலாம்" என்று மூன்று வருடம் தள்ளினால் இன்று இருக்கும் வழிகளில் ஒன்றிரண்டு அடைபட்டுவிடும்.

பிரிட்ஜின் பெரிய வசதி வேகம். இரண்டு பற்களைச் சீவி அச்சு எடுத்தால், ஒரு வாரம் பத்து நாளில் பல் வாயில் இருக்கும். எலும்பில் துளை போடவேண்டாம், சர்க்கரை கொஞ்சம் ஏறியிறங்கினாலும் பெரிய பயமில்லை. அது வாங்கும் விலை பக்கத்துப் பற்கள். ஒரு சொத்தைகூட இல்லாத இரண்டு பற்களை, மூன்றில் இரண்டு பங்கு சீவித் தூணாக்குவது என்பது எனக்கு இன்றைக்கும் மனசு ஒப்பாத காரியம். சீவிய பல்லின் நரம்பு கொஞ்ச வருடம் கழித்துச் செத்துப்போய், அதற்கும் ரூட் கேனல் செய்ய நேர்வது உண்டு. தவிர, மூன்று பல்லின் பாரத்தை இரண்டு பல்லின் வேர் சுமக்கவேண்டும். தூணாக நிற்கும் பற்களின் வேர்ப்பரப்பு, இழந்த பல்லின் வேர்ப்பரப்புக்குச் சமமாகவோ அதிகமாகவோ இருக்கவேண்டும் என்று 1926ல் ஆண்டே என்பவர் ஒரு கணக்கு சொன்னார். அதை இன்று யாரும் வேதவாக்காக எடுத்துக்கொள்வதில்லை என்றாலும், இரண்டு மூன்று பல் சேர்ந்து போன இடத்துக்கு "பிரிட்ஜ் போட்டுடலாம்" என்று சொல்லும்போது நினைத்துப் பார்க்கவேண்டிய கணக்குதான். இரண்டு தூணில் ஒன்று போனால் மொத்தப் பாலமும் போகும். கழற்றும்போது பெரும்பாலும் அறுத்துத்தான் எடுக்கவேண்டும்.

இன்னொரு வகைப் பிரிட்ஜும் சில கிளினிக்குகளில் செய்கிறார்கள். ஒரு பக்கம் மட்டும் தூண், மறுபக்கம் அந்தரத்தில் தொங்கும். சின்ன முன்பல்லுக்குச் சில இடத்தில் சரி. கடைவாயில் இப்படித் தொங்கவிட்டால் ஒவ்வொரு கடியும் அந்த ஒற்றைத் தூணை நெம்பும்.

இம்ப்ளாண்ட் பக்கத்துப் பற்களைத் தொடுவதே இல்லை. எலும்பில் துளையிட்டு டைட்டானியம் திருகு ஒன்றைப் பதித்து, அது எலும்போடு ஒட்டியபின் அதன்மேல் கேப். டைட்டானியத்தோடு எலும்பு இப்படி ஒட்டிக்கொள்வதை ஸ்வீடனைச் சேர்ந்த பிரானமார்க் 1950களில் முயல் எலும்பில் வேறு எதையோ ஆராயும்போது தற்செயலாகக் கண்டார். பதித்த கருவியைத் திரும்ப எடுக்கப் பார்த்தால் வரவில்லையாம். 1965ல் முதல் மனிதருக்குப் பதித்தார். அந்த மனிதர் 40 வருடத்துக்கு மேல் அதை வைத்தே சாப்பிட்டார்.

இம்ப்ளாண்டுக்குச் சொத்தை வராது. ஆனால் சுற்றியுள்ள ஈறும் எலும்பும் அழுகும், அந்த நோய்க்கு வைத்தியம் சுலபமில்லை. திருகு எலும்போடு ஒட்டக் கீழ்த்தாடையில் பொதுவாக மூன்று மாதம், மேல்தாடையில் இன்னும் கூட ஆகலாம். கீழ்த்தாடைக்குள் நரம்புக் குழாய் ஓடுகிறது, ஸ்கேன் பார்க்காமல் துளை போட்டால் உதடு மரத்துப்போகும் ஆபத்து உண்டு. சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கும் பீடி, சிகரெட் குடிப்பவர்களுக்கும் தோற்கும் வாய்ப்பு அதிகம். எலும்புத் தேய்மானத்துக்குச் சில வகை மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் அதை முன்கூட்டியே சொல்லியே ஆகவேண்டும், தாடை எலும்பு ஆறாமல் போகும் சிக்கல் அவர்களுக்கு உண்டு.

எது அதிகம் நிற்கும் என்று கேட்டால் பலருக்கும் பதில் ஆச்சரியமாக இருக்கும். உலகெங்கும் வந்த ஆய்வுகளைத் தொகுத்து 2007ல் வெளியான கணக்கின்படி, இரண்டு பக்கமும் தூண் உள்ள பிரிட்ஜ் பத்து வருடத்தில் 100க்கு 89 நிற்கிறது. ஒற்றை இம்ப்ளாண்ட் மேல் போட்ட கேப்பும் 89தான். அந்தரத்தில் தொங்கும் பிரிட்ஜ் 80. ஆகவே "இம்ப்ளாண்ட் ஆயுசுக்கும் இருக்கும், பிரிட்ஜ் ரெண்டே வருசம்" என்று கிளினிக் வரவேற்பறையில் சொல்வது வியாபாரப் பேச்சு. இம்ப்ளாண்ட் தோற்றால் பக்கத்துப் பற்கள் தப்பிக்கும், பிரிட்ஜ் தோற்றால் அவையும் சேர்ந்து அடிவாங்கும். நிஜமான வித்தியாசம் அதுதான்.

கழட்டி மாட்டும் பல் எல்லாவற்றிலும் மலிவு. ஈறு நிறத்து அக்ரிலிக்கில் பல்லை வைத்து, கம்பிக் கொக்கியால் பக்கத்துப் பல்லில் மாட்டுவார்கள். ஒரே ஒரு பல்லுக்கு இதை மாட்டிக்கொண்டு சுகமாகச் சாப்பிடுபவரை நான் பார்த்ததில்லை. டம்ளர் தண்ணீரில் கிடப்பதைத்தான் பார்த்திருக்கிறேன். நிறையப் பற்கள் போனவர்களுக்கு வேறு கதை, அங்கே இதுதான் நியாயமான வழி, அதிலும் உலோகச் சட்டத்தில் செய்தது நன்றாக நிற்கும்.

பல்லைச் சீவாமல் பின்பக்கம் இறகு மாதிரி ஒரு தகட்டை ஒட்டும் பிரிட்ஜ் ஒன்று இருக்கிறது. மேரிலேண்ட் பிரிட்ஜ் என்று பெயர், அந்தப் பெயருள்ள அமெரிக்கப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. எங்கள் தெருவில் 15 வயதுப் பெண் கபடியில் முன்பல் ஒன்றை இழந்தாள். தாடை வளர்ச்சி முடியும் முன் இம்ப்ளாண்ட் வைத்தால், சுற்றியிருக்கும் பற்கள் வளர, இது மட்டும் பழைய இடத்திலேயே நின்றுவிடும். அதனால் இப்போதைக்கு இந்த ஒட்டுப்பாலம். என்றைக்காவது ஒருநாள் கழன்று கையோடு வரும், திரும்ப ஒட்டிக்கொள்ளலாம். கடைவாய்க்கு இது தாங்காது.

ஒன்றும் செய்யாமல் விட்டால்?

சீட்டில் யாரும் எழுதித் தராத நான்காவது வரி இது. எங்கள் மாமாவுக்கு வயது 70. மேல்வரிசையில் கடைசிப் பல், அதாவது ஞானப்பல்லுக்கு முந்தினது, போய்விட்டது. ஒரு கிளினிக்கில் இம்ப்ளாண்ட் வைத்தே ஆகவேண்டும் என்று சொல்லி, மேல்தாடையில் எலும்பு போதவில்லை, எலும்புத்தூள் வைத்துக் கட்டவேண்டும் என்று கணக்கை 70,000 வரைக்கும் கொண்டுபோனார்கள். இன்னொரு டாக்டரிடம் கேட்டோம். அவர் மாமாவை ஒரு வாரம் என்னவெல்லாம் சாப்பிட முடியவில்லை என்று எழுதிவரச் சொன்னார். மாமா வெறும் தாளோடு போனார். "அப்புறம் எதுக்கு?" என்றார் டாக்டர்.

இது கஞ்சத்தனம் இல்லை. நெதர்லாந்தில் கெய்சர் என்ற பல் மருத்துவர் 1980களின் தொடக்கத்திலேயே, முன்பற்களும் அதற்கடுத்த சின்னக் கடைவாய்ப்பற்களும் சேர்ந்து 20 பற்கள் ஜோடி ஜோடியாக நல்லபடி இருந்தால் பெரும்பாலானவர்களுக்குச் சாப்பாட்டில் குறை தெரிவதில்லை என்று காட்டினார். கடைசிப் பல் போன இடத்தை நிரப்பாமல் விடுவதும் ஒரு முறையான சிகிச்சைத் திட்டம்தான். நடுவில் போன பல்லுக்கு இது பொருந்தாது, அங்கே சாய்வும் இறக்கமும் தொல்லை தரும்.

அம்மாவுக்கு என்ன செய்தோம்

வீட்டில் எல்லோரும் இம்ப்ளாண்ட் பக்கம்தான். சித்தி மகனுக்குப் போன வருடம் அதே பல், அதே இடத்தில் போனது. வயது 26, இரண்டு பக்கமும் கறையே இல்லாத பற்கள். அவற்றைச் சீவ டாக்டரே மனமில்லாமல் இம்ப்ளாண்ட் வைத்தார், நன்றாக இருக்கிறது. "பெரியம்மாவுக்கும் அதையே வைங்கண்ணா, காசைப் பாக்காதீங்க" என்றான்.

நான் அம்மாவின் எக்ஸ்ரேயைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். இடைவெளிக்கு முன்னால் உள்ள பல்லில் ஏற்கெனவே ரூட் கேனல் செய்து, கேப் போடாமல் ஃபில்லிங்கோடு நிற்கிறது. என் பல்லைப்போலவே, எந்த தட்டைக்குக் காத்திருக்கிறதோ. பின்னால் உள்ள பல்லில் இருபது வருடப் பழைய வெள்ளி ஃபில்லிங், பல்லில் பாதியை அதுவே பிடித்திருக்கிறது, ஓரத்தில் ஒரு விரிசல். ஆக இரண்டுக்கும் எப்படியும் கேப் போட்டே ஆகவேண்டும். இம்ப்ளாண்ட் வைத்தால் 35,000, கூடவே இந்த இரண்டுக்கும் சாதாரண கேப் என்றாலே இன்னொரு 10,000. பிரிட்ஜ் போட்டால் மூன்றும் சேர்ந்து 15,000. அம்மாவுக்குச் சர்க்கரை வேறு, மூன்று மாதச் சராசரி (HbA1c) 7.8ல் நின்றது.

சித்தி மகனுக்கு எது தப்போ அது அம்மாவுக்குச் சரி. பல் ஒன்றேதான், பக்கத்து வீட்டுக்காரர்கள் வேறு.

ஒரே சந்தேகம், ரூட் கேனல் செய்த பல் தூணாகத் தாங்குமா என்பது. டாக்டரிடம் கேட்டேன். பழைய ஃபில்லிங்கை எடுத்துவிட்டு, ஈறுக்கு மேலே சுற்றிலும் 2 மில்லிமீட்டர் உயரத்துக்காவது நல்ல பல் இருந்தால் கேப் கவ்விப் பிடிக்கும், இல்லையென்றால் நானே பிரிட்ஜ் வேண்டாம் என்பேன் என்றார். எடுத்துப் பார்த்தார். இரண்டரைக்கு மேல் இருந்தது. ஜிர்கோனியாவா என்று கேட்டதற்கு, "கடைவாய்தானே, உலோகத்துக்கு மேல் பீங்கானே போதும், மிச்சக் காசுக்கு ஆறு மாதத்துக்கு ஒருதடவை க்ளீன் பண்ணிக்கங்க" என்றார். ஒரு டாக்டர் வாயிலிருந்து மலிவானதைச் சிபாரிசாகக் கேட்டது எனக்கு அதுதான் முதல் தடவை.

15,000கூடக் கட்ட முடியாதவர்கள் பல் மருத்துவக் கல்லூரிகளைப் பார்க்கவேண்டும். சென்னையில் கோட்டை ரயில் நிலையத்துக்கு அருகே 1953லிருந்து அரசுப் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தனியார் கல்லூரிகள் பல ஊர்களில் உண்டு. மாணவர்கள்தான் செய்வார்கள், பேராசிரியர் ஒவ்வொரு கட்டத்திலும் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். நான்கு நடைக்குப் பதில் எட்டு நடை ஆகும். சீவியது சரியில்லை என்றால் பேராசிரியர் திரும்பச் செய்யவைப்பார், வெளியில் அந்தக் கண்டிப்பு கிடைக்காது.

பல்லைச் சீவிய அன்று மட்டும் அம்மா கொஞ்சம் பயந்தார். தண்ணீர் பீய்ச்சும் சத்தம், எரிந்த நகம் மாதிரி ஒரு வாசனை. வாய் நிறைய அச்சு மாவோடு மூக்கால் மூச்சுவிட்டுக்கொண்டு என் கையைப் பிடித்திருந்தார். நிறம் பார்க்க டாக்டர் பல் அட்டையைப் பக்கத்தில் வைத்தபோது, "இன்னும் கொஞ்சம் மஞ்சளா வைங்க, இதுக்கு எதுக்குங்க இத்தனை வெள்ளை" என்றார். ஒரு வாரம் தற்காலிகக் கேப், பிறகு அசல். பொருத்திய முதல் நாள் கடிக்கும்போது பல் மேலே இடிப்பதாகச் சொன்னார். மறுநாளே போய் ராவிக்கொண்டு வந்தோம். அதைச் சகித்துக்கொண்டு "பழகிடும்" என்று இருந்துவிடக்கூடாது, அந்த இடிதான் பின்னால் வலியாகும்.

பிரிட்ஜின் நடுப்பல்லுக்குக் கீழே பிரஷ் போகாது. அங்கே சுத்தம் செய்ய ஒரு முனை விறைப்பாக, நடுவில் பஞ்சு மாதிரி இருக்கும் தனி நூல் விற்கிறார்கள். பொய்ப்பல்லுக்கும் தூண் பல்லுக்கும் நடுவே ஈறோரமாக அந்த விறைத்த முனையை நுழைத்து, உள்பக்கம் வழியாக இழுத்து, முன்னும் பின்னும் ஓட்டவேண்டும். இதைக் காட்டித்தர டாக்டரம்மா ஒருவர் கண்ணாடியோடு பத்து நிமிடம் உட்கார்ந்தார். அம்மாவுக்கு இரண்டாவது நிமிடத்திலேயே வந்துவிட்டது. அவர் பிறந்தது சென்னிமலையில் தறிக்காரர் வீடு. அறுந்த பாவு நூலைக் கண்ணை மூடிக்கொண்டு கோர்த்துக் கட்டிய கை.

இப்போது தினமும் ராத்திரி வாஷ்பேசின் முன்னால் நின்று நூலை வாய்க்குள் ஓட்டிக்கொண்டிருப்பார். "பதினஞ்சாயிரம் கொடுத்து வாயில ஒரு தறி போட்டுக்கிட்டேன் கண்ணு" என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் நேற்றுக்கூடச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த அக்கா கையில் ஒரு மருந்துச் சீட்டு. அம்மா அதை வாங்கிப் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அது கெடக்கட்டும், ரெண்டு பக்கமும் இருக்கிற பல்லு எப்படி இருக்குது? வாயைத் தெற பாக்கலாம்" என்று டார்ச்சை எடுத்தார்.